கையால் வார்த்த மென் இரை நீரில் நீந்தவில்லையா? முள்ளிலிருந்து தொடங்குங்கள்

நான் முதன்முதலில் அச்சில் வார்த்த மென் பிளாஸ்டிக் மீன், அதாவது தூண்டிலில் மாட்டும் செயற்கை இரை, பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. முதுகில் கரும்பச்சை, வயிற்றில் வெள்ளை, நடுவே ஜிகினா மினுமினுப்பு. நீரில் இழுத்தபோது பம்பரமாகச் சுற்றியது. பத்து முறை வீசுவதற்குள் தூண்டில் நரம்பு முறுக்கேறி, ரீலிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. வாலில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அச்சின் வால் பகுதியை மூன்று முறை செதுக்கினேன். ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமானது. கடைசியில் பார்த்தால், தூண்டில் முள் முதுகின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகி வெளியே வந்திருந்தது. அதற்காக நல்ல அச்சு ஒன்றை வீணாக்கியிருந்தேன்.

அன்றிலிருந்து கோளாறைத் தேடும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் முள், பிறகு இரையின் வளைவு, பிறகு பிளாஸ்டிக்கின் பதம், பிறகு வார்ப்பு, எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே அச்சு. நொடியில் திருத்தக்கூடியதில் தொடங்கி, திருத்தவே முடியாததில் முடியும் வரிசை இது. கீழே வருவதும் அதே வரிசைதான். துடுப்பு வால் கொண்ட மீன் வடிவ இரையையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். சுருள் வாலுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

வால் ஏன் ஆடுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கத்தியை எடுப்பது குருட்டடி. துடுப்பு வால் இரையில் மூன்று பகுதிகள் உண்டு: உடல், வாலின் நுனியில் தட்டுபோல் நிற்கும் துடுப்பு, இரண்டையும் இணைக்கும் மெல்லிய காம்பு. இரையை முன்னே இழுக்கும்போது நீர் துடுப்பில் மோதி, அதன் விளிம்புகளைத் தாண்டிப் பின்னால் சுழல்களாகப் பிரிகிறது. இந்தச் சுழல்கள் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. ஒன்று இடப்புறம், அடுத்தது வலப்புறம் என்று மாறி மாறிக் கழல்கின்றன. சுழல் உருவாகும் பக்கம் அழுத்தம் குறைவதால் துடுப்பு அந்தப் பக்கம் இழுபடுகிறது. அடுத்த நொடி மறுபக்கம். காற்றில் மின்கம்பி ரீங்கரிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆக, வால் ஆட மூன்று நிபந்தனைகள். துடுப்பு போதுமான நீரைப் பிடிக்க வேண்டும். காம்பு அந்த விசைக்கு வளைந்துகொடுக்க வேண்டும். உடல், வாலின் உதைக்குச் சற்றே உருண்டு, மறுபடி நிமிர வேண்டும். மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நிமிரும் திறன் இல்லாத இரைதான் பம்பரமாகச் சுற்றுகிறது. அதன் வாலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

சுருள் வாலின் கதை வேறு. அது கொடி காற்றில் படபடப்பதுபோல் நீரில் அலைகிறது. அங்கே துடுப்பு கிடையாது. வாலின் மெல்லிய தன்மையே எல்லாம்.

முதல் படி: சோதனைத் தொட்டி

ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ சோதிக்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் இரை ஆடுகிறதா, சாய்ந்து ஆடுகிறதா என்பது தெரியாது. பக்கவாட்டில் பார்க்க முடிந்த நீளமான கண்ணாடித் தொட்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குளியல் தொட்டியோ தெளிந்த நீர் நிரப்பிய நீண்ட பிளாஸ்டிக் பெட்டியோ போதும். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் ஆட்டம், மெதுவோட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் அடிப்பதாகத் தெரிவது உண்டு.

நீரின் வெப்பநிலை முக்கியம். மென் பிளாஸ்டிக் குளிரில் விறைக்கும். வெதுவெதுப்பான நீரில் துள்ளிய வால், குளிர்ந்த ஏரியில் மரக்கட்டையாகிவிடும். நீங்கள் மீன்பிடிக்கும் நீரின் வெப்பநிலைக்கு நெருங்கிய நீரில் இரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு இழுத்துப் பாருங்கள்.

மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று மூன்று விதமாக இழுங்கள். எந்த வேகத்தில் வால் ஆடத் தொடங்குகிறது, எந்த வேகத்தில் இரை சாய்கிறது அல்லது சுற்றுகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடவே இல்லை, ஒரு பக்கம் சாய்கிறது, வேகத்தில் மட்டும் ஆடுகிறது, வேகத்தில் கவிழ்கிறது: இவை நான்கும் வெவ்வேறு நோய்கள். 'சரியாக நீந்தவில்லை' என்று ஒரே பெயர் வைத்தால் மருந்து கிடைக்காது.

முள்ளில் கோக்காத வெறும் இரையை நரம்பில் கட்டி இழுத்து அது கவிழ்ந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெரும்பாலான மீன் வடிவ இரைகள், அடியில் எடை இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும்.

இரண்டாம் படி: முள்ளைக் கோப்பது

என் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஈயத் தலையுள்ள முள்ளை இரையின் பக்கத்தில் வைத்து அளந்து, முள் வெளியே வரவேண்டிய இடத்தை முதுகில் நகத்தால் குறியுங்கள். பிறகு மூக்கின் மையத்தில் குத்தி, உடலின் நடுவே நேராகச் செலுத்தி, குறித்த இடத்தில் வெளியே எடுங்கள். மேலிருந்து பாருங்கள்: மூக்கு, முள் வெளிவந்த புள்ளி, வால் காம்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பாருங்கள்: முதுகு மேல்நோக்கிக் கூனியிருந்தால் முள் குறித்த இடத்தைத் தாண்டி வெளிவந்துவிட்டது, உடல் இழுபட்டு விறைத்திருந்தால் முன்பே வந்துவிட்டது. இரண்டிலும் முள்ளை உருவி மறுபடி கோப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே இரையில் மூன்று நான்கு முறை குத்தினால் துளை பெரிதாகிப் பிடிமானம் போய்விடும் என்பதால், முதல் முறையே பொறுமையாகச் செய்வது நல்லது.

முள்ளின் நீளமும் வாலைக் கொல்லும். முள் உடலின் பாதியைத் தாண்டிப் போனால் பின்பாதி முழுக்க எலும்பு வைத்ததுபோல் விறைக்கிறது. உடலின் முன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் முள் வெளியே வருவதே எனக்குப் பிடித்த அளவு.

இரை தலையிலிருந்து நழுவிப் பின்னால் சுருங்கிக்கொள்வது இன்னொரு தொல்லை. முதல் வீச்சில் அழகாக நீந்தி, ஐந்தாம் வீச்சில் கோணலாகப் போகிற இரையை எடுத்துப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கும். ஈயத் தலையின் கழுத்தில் ஒரு துளி சூப்பர் குளூ வைத்து மூக்கை அழுத்தினால் தீர்ந்தது.

இன்னும் கோளாறு போகவில்லையா? நன்றாக நீந்தும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு இரையை அதே முள்ளில் கோத்து இழுங்கள். அதுவும் சாய்ந்தால் முள்ளிலோ ஈயத் தலையிலோ கோணல் இருக்கிறது. அது நேராக நீந்தினால் மட்டுமே உங்கள் வார்ப்பைச் சந்தேகிக்கத் தொடங்குங்கள். நரம்பு முறுக்காமல் இருக்கச் சுழலி போடுகிறவர்கள், சோதனையின்போது அதைக் கழற்றிவிடுங்கள். சுழலி நோயைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது.

மூன்றாம் படி: வளைவை நிமிர்த்துவது

மென் பிளாஸ்டிக்குக்கு ஞாபகசக்தி அதிகம். சூடாக இருக்கும்போது எந்த வடிவில் கிடந்ததோ, ஆறியபின் அதையே தன் வடிவமாக வைத்துக்கொள்ளும். அச்சிலிருந்து எடுத்த கையோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், வால் ஒரு பக்கம் மடங்கியே ஆறிவிடும். அந்த வால் நீரில் சுக்கான்போல் வேலை செய்து இரையை ஒரு பக்கமாகத் திருப்பும்.

நிமிர்த்துவது எளிது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரில், வாலை இடுக்கியால் பிடித்து முக்கி, அரை நிமிடம் வரை வைத்திருங்கள். நெகிழ்ந்ததும் வெளியே எடுத்து நேராகத் தொங்கவிட்டபடியே குளிர்ந்த நீரில் முக்குங்கள். கடையில் வாங்கிய இரை பையில் நசுங்கிப்போயிருந்தாலும் இதே சிகிச்சைதான். சுருள் வாலை இப்படித் தொங்கவிட்டால் சுருள் நீண்டுவிடும். அதைத் தட்டையான பரப்பில், சுருளின் இயல்பான வடிவில் கிடத்தி ஆறவிட வேண்டும்.

நான்காம் படி: பிளாஸ்டிக்கின் பதம்

நாம் பயன்படுத்தும் திரவத்துக்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். பி.வி.சி. துகள்கள் நெகிழ்வூட்டும் எண்ணெயில் மிதக்கும் கலவை அது. சூடாக்கும்போது துகள்கள் எண்ணெயை உறிஞ்சி உப்பி, பால்போல் இருந்த திரவம் கெட்டிக் கூழாகி, பிறகு ஏறத்தாழ 165 முதல் 177 டிகிரி செல்சியசில் ஒன்றாக உருகித் தெளிந்து மறுபடி நீர்த்து ஓடுகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் 1949இல் தன் வீட்டிலேயே பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். இன்று நம் கையில் இருக்கும் பொருளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

செய்முறைக்கு முன் எச்சரிக்கை. பிளாஸ்டிசால் 200 டிகிரியை நெருங்கினால் மஞ்சளாகிக் கருகும். அப்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். நுரையீரலையும் கண்ணையும் அரிக்கும் வாயு அது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அமில வாயுவுக்கும் கரிமப் புகைக்கும் உரிய வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம், கண் கவசம், வெப்பம் தாங்கும் கையுறை, முழுக்கைச் சட்டை, திறந்த வெளி ஆகியவை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். சமையலுக்குப் பயன்படும் பாத்திரமும் மைக்ரோவேவும் இதற்கு ஆகாது. ஒரு சொட்டு நீர்கூட உள்ளே விழக்கூடாது. விழுந்தால் நொடியில் ஆவியாகி, கொதிக்கும் பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்கவிடும்.

இப்போது பதத்துக்கு வருவோம். வால் ஆடாமல் போவதற்கு வார்ப்புப் பக்கத்தில் முதல் காரணம் விறைப்பு. விறைப்புக்கு முதல் காரணம் சோம்பல்: குப்பியைக் குலுக்காமல் ஊற்றுவது. பி.வி.சி. துகள்கள் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் குப்பியின் மேல்பாதி ஒட்டும் கூழாகவும், கீழ்பாதி ரப்பர் செருப்பாகவும் வரும். அடியில் கட்டி தட்டியிருந்தால் குச்சியால் சுரண்டிக் கலக்கி, கட்டி முழுவதும் கரையும்வரை குலுக்குங்கள்.

இரண்டாவது காரணம், ஒரே பிளாஸ்டிக்கை மறுபடி மறுபடி உருக்குவது. ஒவ்வொரு சூட்டிலும் நெகிழ்வூட்டும் எண்ணெயில் கொஞ்சம் புகையாகப் போகிறது, மிஞ்சுவது விறைக்கிறது. கிழிந்த இரைகளை உருக்கிப் பயன்படுத்துவதில் தவறில்லை, நானும் செய்கிறேன். அவை நீரில் கிடந்து மீன் வயிற்றுக்குள் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திய பிறகே உருக்க வேண்டும். இழந்த எண்ணெயை ஈடுகட்டும் மென்மையாக்கித் திரவமும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

மென்மையாக்கியை 100 மில்லிலிட்டர் பிளாஸ்டிசாலுக்கு 5 மில்லிலிட்டர் என்று தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். வால் துள்ளத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் இரை முள்ளில் நிற்காது, ஒரு கடிக்கே கிழியும், துடுப்பும் நீரின் விசைக்குத் தானே மடங்கி ஆட்டத்தை இழக்கும். மென்மை கூடக் கூட ஆட்டமும் கூடிக்கொண்டே போகும் என்பது தவறான நம்பிக்கை. காம்பு வளைய வேண்டும். துடுப்பு வளையக் கூடாது. ஒரே பிளாஸ்டிக்கில் இரண்டையும் சாதிப்பது தடிமனின் வேலை, மென்மையாக்கியின் வேலை அன்று.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு இரையைக் கனமாக்குகிறது, தூரம் வீச உதவுகிறது. அதே சமயம் பிளாஸ்டிக்கை வலுவிழக்கவும் வைக்கிறது. ஆடும் வாலுள்ள இரையில் நான் உப்பே போடுவதில்லை. அசையாமல் மூழ்கும் தடித்த புழுக்களுக்கு அது பொருந்தும். போட்டே ஆகவேண்டும் என்றால் பொடியாக அரைத்து, ஊற்றும் கணம்வரை கலக்கிக்கொண்டே இருங்கள். கனமான துகள்கள் அச்சின் கீழ்ப்பக்கம் படியும். அச்சு கிடைமட்டமாகக் கிடந்தால், அந்தக் கீழ்ப்பக்கம் உங்கள் மீனின் ஒரு விலாவாக இருக்கும். பிறகு இரை அந்த விலாப் பக்கமே சாயும். ஜிகினாத் தூளை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான்.

ஐந்தாம் படி: வார்ப்பு

இதற்கென்றே தனியாக வைத்த மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரே மூச்சில் சூடாக்காமல், சிறிது சிறிதாகச் சூடாக்கி இடையிடையே கலக்குங்கள். வெப்பத்தைக் கலக்கியபடியே அளக்க வேண்டும். ஆடை படிந்த மேற்பரப்பை அளந்தால் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். கலக்கும்போது காற்றை உள்ளே அடிக்காதீர்கள். குமிழிகள் தாமாக மேலே வந்து உடையச் சற்று நேரம் கொடுங்கள். வாலில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு குமிழி, துடுப்பின் ஒரு பக்கத்தை மிதக்கவைத்து ஆட்டத்தைக் கோணலாக்கும்.

குளிர்ந்த அச்சில் ஊற்றும் பிளாஸ்டிக், மெல்லிய காம்பைத் தாண்டுவதற்குள் உறைந்துவிடும். துடுப்பு பாதி நிரம்பியோ, காம்பில் மடிப்பு விழுந்தோ வரும். முதல் இரண்டு மூன்று வார்ப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் அச்சைச் சூடாக்க மட்டும் பயன்படுத்துங்கள். அவற்றை மறுபடி பாத்திரத்தில் போட்டுவிடலாம். அச்சு சூடான பிறகும் துடுப்பு நிரம்பாவிட்டால், அதன் நுனியில் காற்று வெளியேற வழியில்லை என்று பொருள். நுனியிலிருந்து அச்சின் விளிம்புவரை நூலளவு கீறல் ஒன்று போதும்.

பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஊசிக்குழாயால் செலுத்துகிறவர்கள், அச்சு நிரம்பியதும் கையை எடுத்துவிடாமல் சில நொடிகள் மெல்லிய அழுத்தத்திலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உடலில் பள்ளம் விழும். பள்ளம் ஒரு விலாவில் மட்டும் விழுந்தால், சமநிலை போய்விடும். திறந்த அச்சில் ஊற்றுகிறவர்கள் சுருங்கிய இடத்தில் மேலும் ஊற்றி நிரப்ப வேண்டும். திறந்த அச்சில் இன்னொரு பொறியும் இருக்கிறது: மேல்பக்கம் எப்போதும் தட்டையாகத்தான் வரும். மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அச்செடுத்திருந்தால் ஒரு விலா தட்டை, மறு விலா உருண்டை. அப்படிப்பட்ட இரை நேராக நீந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தட்டைப் பக்கம் வயிறாகவோ முதுகாகவோ அமையும்படி அச்செடுங்கள்.

இரு பாதி அச்சில், இரண்டும் மயிரிழை தவறிப் பொருந்தினாலும் உடலில் படிக்கட்டுபோல் ஒரு விளிம்பு தெரியும். விரலால் தடவினால் உடனே புலப்படும். பொருத்தும் குச்சிகளைச் சரிசெய்யாமல் வார்ப்பதில் பயனில்லை. இணைப்புக் கோட்டில் கசியும் மெல்லிய சவ்வைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், முக்கியமாகக் காம்பைச் சுற்றி. அரை மில்லிமீட்டர் சவ்வு அங்கே முதுகெலும்பாக மாறிவிடும்.

பிளாஸ்டர் அச்சு வைத்திருப்பவர்களுக்கு: அது முழுக்க உலர்ந்து, எப்பாக்சி போன்ற பூச்சால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, இரை முழுக்கக் குமிழிகளை விதைக்கும்.

ஆறாம் படி: எடை

வேகத்தில் கவிழ்கிற இரைக்கு அடியில் எடை போதவில்லை, அல்லது உடலின் தாங்குதிறனுக்கு மிஞ்சிய துடுப்பு இருக்கிறது. முதலில் எடையைப் பாருங்கள். தலையிலேயே கூடுதல் எடை ஏற்றினால் இரை மூக்குக் குத்தி மூழ்கும். அதே எடையை முள்ளின் தண்டில், வயிற்றுக்கு அடியில் வைத்தால் கிடைமட்டமாக இறங்கும், நிமிர்ந்தும் நிற்கும். ஆனால் எடை மிகவும் கீழே போனால் உடல் உருளவே மறுக்கும். வால் மட்டும் ஆடி, விலாவின் பளபளப்பு தெரியாமல் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு கிராம், அரை கிராம் என்று மாற்றி, தொட்டியில் இழுத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: கத்தரி, அதன் பிறகே அச்சு

இதுவரை சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வால் ஆடவில்லையென்றால்தான் வடிவத்தில் குறை. அப்போதும் அச்சைத் தொடாதீர்கள். வார்த்த இரைகளில் ஐந்தாறை எடுத்து, கூரிய கத்தரியால் அவற்றின்மேல் பரிசோதனை செய்யுங்கள். ஒன்றில் காம்பின் இரு பக்கமும் சமமாகச் சீவி மெலிதாக்குங்கள். இன்னொன்றில் காம்பை விட்டுவிட்டு, உடலின் பின்பாதியில் குறுக்கு வரிப்பள்ளங்கள் கீறுங்கள். உடலும் சேர்ந்து வளையும், மென்மையாக்கி கூட்டாமலேயே ஆட்டம் கூடும். வேகத்தில் கவிழ்வதில் துடுப்பின் விளிம்பைச் சுற்றிலும் ஒரே அளவாக நறுக்கிச் சிறிதாக்குங்கள். ஓர் இரையில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

துடுப்பு நிற்கும் கோணமும் கவனத்துக்குரியது. நீரோட்டத்துக்கு நேர் குறுக்கே நிற்கும் துடுப்பு அதிக நீரைப் பிடித்து மெதுவான இழுப்பிலேயே ஆடத் தொடங்கும். பின்னோக்கிச் சாய்ந்த துடுப்புக்கு வேகம் வேண்டும். ஆட்டம் சிறிதாகவும் விரைவாகவும் இருக்கும். இரண்டும் தேவைப்படும் நாட்கள் உண்டு என்பதால் எது சிறந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. சுருள் வாலில் கத்தரிக்கு வேலை குறைவு. அது ஆடவில்லையென்றால் பெரும்பாலும் தடித்துவிட்டது. அச்சின் இரு பாதிகளும் இறுக மூடவில்லையா என்று பாருங்கள்.

அச்சைச் செதுக்கும் முன் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. என் மூன்று தவறுகளும் இதில்தான். அச்சில் சுரண்டி எடுக்கும் ஒவ்வொரு துகளும் இரையில் கூடும் தடிமன். அதாவது, அச்சைச் செதுக்கிக் காம்பைத் தடிமனாக்கலாம், மெலிதாக்க முடியாது. ஆகவே புதிய அச்சு செய்யும்போது காம்பை வேண்டியதைவிட மெலிதாகவே வைத்துத் தொடங்குங்கள். தடித்துப்போன அச்சுக்கு ஒரே வழி புதிய அச்சுதான். அதற்கும் மூலப் படிவம் தேடி அலைய வேண்டியதில்லை. கத்தரியால் சீவி, தொட்டியில் அழகாக நீந்திக் காட்டிய அந்த இரையையே பலகையில் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றுங்கள். முள் குத்திய துளைகளை மட்டும் ஒரு துளி சூடான பிளாஸ்டிசாலால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவையும் புதிய அச்சில் அப்படியே பதிந்துவிடும்.